வெளியில இருந்து திறக்குது, உள்ள இருந்து திறக்கல: ஃபயர்வால் சர்வர்ல நேட் கட்டுறது பத்தி

உங்க கேள்வியை நான் எப்படி புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. ரெண்டு நெட்வொர்க் கார்டு இருக்கிற லினக்ஸ் சர்வர் ஒண்ணை ஃபயர்வாலா வெச்சிருக்கீங்க. ஈத்0 வெளிப்பக்கம், அதுல 203.0.113.10 னு மாறாத பப்ளிக் அட்ரஸ். ஈத்1 உள்பக்கம், 192.168.10.1. உள்ள இருக்கிற மெஷின் எல்லாம் மாஸ்க்வரேட் (அனுப்பினவரோட உள் அட்ரஸுக்குப் பதிலா ஃபயர்வாலோட அட்ரஸைப் போடுற ரூல்) வழியா இன்டர்நெட் போகுது, அதுல குறை இல்ல. 192.168.10.20 ல ஒரு வெப் சர்வர் ஓடுது, 443 போர்ட்டை அதுக்கு திருப்பி விட்டிருக்கீங்க, மொபைல் டேட்டாவுல பார்த்தா சைட் திறக்குது, ஆனா ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள இருந்து அதே பேரைப் போட்டா சுத்திக்கிட்டே இருந்து டைம்அவுட் ஆகுது. யாரோ மாஸ்க்வரேட் ரூல்ல இருந்து இன்டர்ஃபேஸ் பேரை எடுத்துடுங்கன்னு சொல்ல, நீங்களும் எடுத்தீங்க, உடனே உள்ளயும் திறந்துச்சு, ஆனா அன்னைலேர்ந்து வெப் சர்வர் லாக்ல வர்ற அத்தனை பேரும் 192.168.10.1 னு பதிவாகுறாங்க. இதோட, நேட், அதாவது பாக்கெட்டோட அட்ரஸை மாத்துறது, இருக்கும்போது தனியா ஃபயர்வால் ரூல் எதுக்குன்னும் ஒரு கேள்வி.

பார்க்க மூணு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில இருக்கிறது ஒண்ணுதான். ஒரு பாக்கெட் ஃபயர்வாலுக்குள்ள நுழைஞ்சு வெளிய போறதுக்குள்ள எந்த இடத்துல அதோட அட்ரஸ் மாறுது, அதுக்கு வர்ற பதில் எந்த வழியா திரும்புது, இந்த ரெண்டும் கண்ணு முன்னாடி தெரிஞ்சிட்டா மூணுக்கும் பதில் தானா வந்துடும். பதினஞ்சு வருஷமா இந்த வேலைதான் பார்க்கிறேன், நேட் தகராறுன்னு என்கிட்ட வந்ததுல பெரும்பாலானது போற பாக்கெட்டை மட்டும் யோசிச்சு ரூல் எழுதி, திரும்பி வர்ற பாக்கெட்டை மறந்துட்டதுதான்.

முதல்ல அந்த வழியைப் பார்த்துடலாம். லினக்ஸ் கெர்னல்ல நெட்ஃபில்டர்னு ஒரு பகுதி இருக்கு, 2001 ல வந்த 2.4 கெர்னல்ல இருந்து இதுதான், நீங்க ஐபிடேபிள்ஸ்ல எழுதினாலும் சரி, 2014 ல 3.13 கெர்னலோட வந்த என்எஃப்டேபிள்ஸ்ல எழுதினாலும் சரி, பாக்கெட் தாண்டுற வாசல்கள் அதேதான். உள்ள நுழைஞ்ச உடனே ப்ரீரவுட்டிங். அதுக்கப்புறம்தான் கெர்னல் ரவுட்டிங் டேபிளைப் பார்த்து இது எனக்கா, வேற யாருக்காவதான்னு முடிவு பண்ணும். தனக்குன்னா இன்புட் பக்கம் போகும், அடுத்தவங்களுக்குன்னா ஃபார்வர்ட் வழியா போகும். வெளிய கிளம்புறதுக்கு முன்னாடி கடைசி வாசல் போஸ்ட்ரவுட்டிங். போய்ச் சேர வேண்டிய அட்ரஸை மாத்துறது, அதாவது டிநேட், ப்ரீரவுட்டிங்ல நடக்கும், ஏன்னா ரவுட்டிங் முடிவுக்கு முன்னாடி மாத்தினாத்தான் பாக்கெட் புது அட்ரஸுக்குப் போகும். அனுப்பினவர் அட்ரஸை மாத்துறது, எஸ்நேட், மாஸ்க்வரேட் ரெண்டும், கடைசி வாசல்ல நடக்கும், ஏன்னா எந்த கார்டு வழியா வெளிய போகுதுன்னு அப்பத்தான் தெரியும். இந்த வரிசை மனசுல நின்னுட்டா பாதி ரூல் தானா சரியா வரும்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம், நிறைய பேர் கவனிக்கிறதில்ல. நேட் ரூலை கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பார்க்கிறதில்ல. ஒரு கனெக்ஷனோட முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் பார்க்கும். என்ன மாத்தணும்னு அப்ப முடிவு பண்ணி கான்ட்ராக்ங்கிற ஒரு நோட்டுப்புத்தகத்துல எழுதி வெச்சுக்கும், அடுத்து வர்ற பாக்கெட் எல்லாம் அந்தக் குறிப்பைப் பார்த்தே மாத்தப்படும், பதில் பாக்கெட்டும் அதே குறிப்பை வெச்சுத்தான் தலைகீழா திருப்பப்படும். அதனாலதான் திரும்பி வர்றதுக்குன்னு நீங்க தனியா நேட் ரூல் எழுத வேண்டியதில்ல. அதனாலதான் நேட் டேபிள்ல கவுன்ட்டரைப் பார்த்தா நம்பர் ரொம்பக் கம்மியா தெரியும், ஜிபி கணக்குல டேட்டா ஓடியிருக்கும், ரூல் பக்கத்துல ஆயிரம் பாக்கெட்டுன்னு இருக்கும், அது கோளாறு இல்ல, ஆயிரம் கனெக்ஷன்னு அர்த்தம். ஆனா இதுக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு: பதில் பாக்கெட் இதே ஃபயர்வால் வழியா திரும்பி வரணும். வேற வழியில போயிடுச்சுன்னா அதைத் திருப்பி மாத்த ஆளே இல்ல.

உங்க பிரச்சினை சரியா அந்த இடத்துலதான் இருக்கு. உள்ள 192.168.10.55 ல உக்காந்திருக்கிற ஒருத்தர் சைட் பேரைப் போடுறார்னு வெச்சுக்குவோம். பேருக்கு அட்ரஸ் சொல்ற டிஎன்எஸ் 203.0.113.10 னு சொல்லும். அது வேற நெட்வொர்க், அதனால அவர் மெஷின் கேட்வேக்கு, அதாவது உங்க ஃபயர்வாலுக்கு, சின் பாக்கெட்டை, அதாவது கனெக்ஷன் கேக்கிற முதல் பாக்கெட்டை, அனுப்பும். ஃபயர்வால் ப்ரீரவுட்டிங்ல டிநேட் பண்ணி 192.168.10.20 னு மாத்தி, வந்த கார்டு வழியாவே உள்ள திருப்பி விடும். இதுவரைக்கும் எல்லாம் சரி. இப்ப வெப் சர்வர் கையில இருக்கிற பாக்கெட்டைப் பாருங்க, அனுப்பினவர் 192.168.10.55. அடடே, இது நம்ம பக்கத்து மெஷின்தானே, நேரா குடுத்துடலாம்னு அது சின்-ஆக்கை, அதாவது சின்னுக்கான பதிலை, ஃபயர்வாலுக்கு அனுப்பாம சுவிட்ச் வழியா நேரா 55 க்கு அனுப்பிடும். அங்க 55 காத்துக்கிட்டு இருக்கிறது 203.0.113.10 கிட்ட இருந்து பதிலுக்கு. வர்றதோ 192.168.10.20 கிட்ட இருந்து. நான் உன்கிட்ட பேசவே இல்லையேன்னு ரீசெட் அனுப்பி அதைத் தள்ளிவிட்டுட்டு, பழையபடி 203.0.113.10 க்கே மறுபடி மறுபடி சின் அனுப்பிக்கிட்டு இருக்கும். பிரவுசர் சுத்துறது இதனாலதான். இதை ஹேர்பின் பிரச்சினைன்னு சொல்வோம், கொண்டை ஊசி வளைவு மாதிரி போன பக்கமே திரும்புறதால அந்தப் பேர்.

இதை நம்ப என் வார்த்தை தேவையில்ல, பழைய ரூலைத் திரும்பப் போட்டுட்டு நீங்களே பார்த்துடலாம். வெப் சர்வர்ல, வர்ற போற பாக்கெட்டைக் காட்டுற டிசிபிடம்ப்பை 443 போர்ட்டுக்கு ஓட விட்டு உள்ள இருந்து ஒரு தடவை திறந்து பாருங்க, 55 ல இருந்து சின் வரும், 20 ல இருந்து சின்-ஆக் போகும், உடனே 55 ல இருந்து ரீசெட், இந்த மூணு வரி திரும்பத் திரும்ப வரும். அதே நேரத்துல ஃபயர்வால்ல கான்ட்ராக் லிஸ்ட்டை எடுத்தீங்கன்னா அந்தக் கனெக்ஷன் சின்-சென்ட்ங்கிற நிலையிலயே நிக்கும், ஒரு பாதியில சோர்ஸ் 192.168.10.55, டெஸ்டினேஷன் 203.0.113.10 னு இருக்கும், எதிர்பார்க்கிற பதில் பாதியில சோர்ஸ் 192.168.10.20, டெஸ்டினேஷன் 192.168.10.55 னு இருக்கும், நடுவுல அன்ரிப்ளைட்னு ஒரு முத்திரை. பதில் வரும்னு ஃபயர்வால் காத்துக்கிட்டு இருக்கு, பதில் அதுக்குத் தெரியாமயே பக்கவாட்டுல போயிடுச்சு. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துட்டாலே ரூட் எங்க உடையுதுன்னு புரிஞ்சிடும், மணிக்கணக்கா ரூலை மாத்தி மாத்திப் பார்க்க வேண்டாம்.

வீட்டு ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்ணா பல சமயம் உள்ளயும் தானா வேலை செய்யுதேன்னு கேக்கலாம். நேட் பண்ற சாதனம் ஹேர்பின்னை ஆதரிச்சே ஆகணும்னு யூடிபிக்கு 2007 ல வந்த இன்டர்நெட் விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 4787 சொல்லுது, டிசிபிக்கு அடுத்த வருஷம் வந்த ஆர்எஃப்சி 5382 சொல்லுது. அதனால அந்த ரவுட்டர் செய்யறவங்க உங்களுக்காக ஒரு கூடுதல் ரூலை உள்ளுக்குள்ள போட்டு வெச்சிருப்பாங்க. லினக்ஸ் சர்வர்ல அந்த உதிரிப் பாகம் எல்லாம் இருக்கு, மாட்டுற வேலை நம்மளுது.

இப்ப நீங்க செஞ்ச மாத்தத்துக்கு வருவோம். மாஸ்க்வரேட் ரூல்ல வெளிய போற கார்டு ஈத்0 ன்னு இருந்ததை எடுத்ததும், ஃபயர்வாலைத் தாண்டிப் போற எல்லாத்துக்கும், எந்தப் பக்கம் போனாலும், அனுப்பினவர் அட்ரஸ் மாற ஆரம்பிச்சுடுச்சு. 55 அனுப்பினது வெப் சர்வருக்கு 192.168.10.1 அனுப்பின மாதிரி தெரியுது, அது ஃபயர்வாலுக்கே பதில் குடுக்குது, ஃபயர்வால் ரெண்டு பக்கமும் திருப்பி மாத்தி 55 க்கு அனுப்புது, சைட் திறக்குது. ஆனா வெளியில இருந்து வர்றவங்களுக்கும் இதே கதி. அவங்க உண்மையான அட்ரஸ் ஃபயர்வாலோட நின்னு போச்சு. லாக் வீணாப் போறது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வெப் சர்வர்ல தப்பா லாகின் பண்ற அட்ரஸைத் தடை பண்ற ஃபெயில்டுபேன் மாதிரி ஏதாவது ஓடுச்சுன்னா, வெளிய ஒரு ஆள் பாஸ்வேர்ட் தப்புத் தப்பா அடிச்சா அது 192.168.10.1 ஐ தடை பண்ணிடும், அதோட உலகத்துல ஒருத்தரும் உள்ள வர முடியாது. இதை நேர்ல பார்த்திருக்கேன், ரெண்டு நாள் சைட் அப்பப்போ பத்து நிமிஷம் செத்துப்போய் தானா உயிர் வந்துச்சு, காரணம் இதேதான். இன்னொரு ஆபீஸோட, ஈத்0 தவிர வேற இன்டர்ஃபேஸ் வழியா போற ஐபிசெக் டனல் (பூட்டின தனி வழி) ஏதாவது போட்டிருந்தா அதுவும் கெட்டுப்போகலாம், ஏன்னா டனலுக்குள்ள போக வேண்டிய பாக்கெட்டோட சோர்ஸ் அட்ரஸ் முன்கூட்டியே மாறிடுறதால டனல் பாலிசியோட பொருந்தாம போகலாம். அதனால அந்த ரூல்ல ஈத்0 வை திரும்பப் போடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

திரும்பப் போட்டதும் உள்ள இருந்து மறுபடி திறக்காது, அதுக்கு மூணு வழி இருக்கு. முதல் வழி, ஹேர்பின்னுக்குன்னே குறுகலா ஒரு ரூல். போஸ்ட்ரவுட்டிங்ல, அனுப்பினவர் 192.168.10.0/24 (உங்க உள் நெட்வொர்க் முழுசும்), போய்ச் சேருறது 192.168.10.20, டிசிபி 443, இந்த மூணும் சேர்ந்து பொருந்தினா மட்டும் மாஸ்க்வரேட். போய்ச் சேருற அட்ரஸா பப்ளிக் அட்ரஸைப் போட்டுடாதீங்க, அந்த வாசலுக்கு வர்றதுக்குள்ள டிநேட் முடிஞ்சு போயிருக்கும், ரூல் ஒரு தடவை கூடப் பொருந்தாது. இப்படிப் போட்டா வெளி ஆளுங்க அட்ரஸ் லாக்ல உண்மையா வரும், உள் ஆளுங்க மட்டும் 192.168.10.1 னு தெரிவாங்க, அதோட உள்ளேயே முடிய வேண்டிய டிராஃபிக் எல்லாம் ஃபயர்வால் வரைக்கும் போய் வரும். பெரிய ஃபைல் நிறைய இறக்குற சர்வர்னா அது ஒரு சுமைதான்.

ரெண்டாவது வழி டிஎன்எஸ். உள்ள இருக்கிறவங்க கேட்டா 192.168.10.20 ன்னும், வெளிய இருக்கிறவங்க கேட்டா 203.0.113.10 ன்னும் சொல்ற மாதிரி உள் டிஎன்எஸ் சர்வர்ல ஒரு பதிவு. நேட்டே தேவைப்படாது, லாக்ல எல்லார் அட்ரஸும் சரியா வரும், சர்டிஃபிகேட்டும் பேரை வெச்சுத்தான் சரிபார்க்கப்படுறதால அதுலயும் தொந்தரவு இல்ல. ஆனா வெளிப் போர்ட்டும் உள் போர்ட்டும் வேற வேறயா இருந்தா இது உதவாது, டிஎன்எஸ் அட்ரஸை மட்டும்தான் சொல்லும், போர்ட்டைத் திருப்பாது. ஒரே பப்ளிக் அட்ரஸ்ல 443 ஒரு மெஷினுக்கும் 25 இன்னொரு மெஷினுக்கும் ஒரே பேர்ல போகுதுன்னாலும் உதவாது. பிரவுசர் தானா ஒரு வெளி டிஎன்எஸ் சர்வரை எச்டிடிபிஎஸ் வழியா கேட்டுக்கிட்டா உங்க உள் பதிவு அதுக்குத் தெரியவே தெரியாது, ஒரே ரூம்ல ஒரு லேப்டாப்ல திறக்கும் இன்னொண்ணுல திறக்காது, தலையைப் பிச்சுக்குவீங்க.

மூணாவது வழி, எனக்கு ரொம்பப் பிடிச்சது, வெப் சர்வரைத் தனி நெட்வொர்க்குக்கு மாத்துறது. ஃபயர்வால்ல மூணாவதா ஒரு கார்டு, இல்ல விலேன் (ஒரே கார்டுலயே பிரிச்ச தனி நெட்வொர்க்), அதுல 192.168.20.0/24, சர்வர் 192.168.20.20. இப்ப 55 கிட்ட இருந்து வர்ற பாக்கெட்டுக்கு சர்வர் பதில் சொல்லணும்னா வேற நெட்வொர்க்குக்குப் போகணும், கேட்வே வழியாத்தான் போயாகணும், ஃபயர்வால் தாண்டாம வழியே கிடையாது, ஹேர்பின் பிரச்சினை வேரோட போயிடும். எந்தத் தந்திர ரூலும் வேண்டாம், எல்லார் அட்ரஸும் உண்மையா தெரியும். இதைவிடப் பெரிய லாபம், வெளி உலகத்துக்குத் திறந்து வெச்ச அந்த சர்வர் நாளைக்கு யார் கையிலாவது மாட்டினா, அங்க இருந்து உங்க ஆபீஸ் மெஷினுக்கு நேரா கை நீட்ட முடியாது, நடுவுல ஃபயர்வால் இருக்கும். கொஞ்சம் வேலை இருக்கு, அட்ரஸ் மாத்தணும், பேக்கப், மானிட்டரிங் எல்லாத்துலயும் திருத்தணும், ஆனா ஒரு சனிக்கிழமை ஒதுக்கினா முடிஞ்சிடும். உடனே முடியலன்னா இப்போதைக்கு முதல் வழி, அப்புறம் இது.

ஒண்ணு மட்டும் ஊகமாத்தான் சொல்ல முடியும். உங்க டிநேட் ரூலை நீங்க எழுதிக் காட்டல. இன்டர்ஃபேஸ் பேரை எடுத்ததும் உள்ள திறந்துச்சுன்னு நீங்க சொன்னதால, அந்த ரூல் போய்ச் சேருற அட்ரஸ் 203.0.113.10 ன்னு பார்த்துப் பொருந்துது, உள்ள வர்ற கார்டைப் பார்த்து இல்லன்னு நான் எடுத்துக்கிட்டேன். அதுல ஈத்0 வழியா வந்தா மட்டும்னு இருந்திருந்தா, உள்ள இருந்து வர்றது ஈத்1 வழியா வரும், டிநேட் பொருந்தவே பொருந்தாது, பாக்கெட் ஃபயர்வால் மெஷினோட சொந்த 443 போர்ட்டுக்கே போயிருக்கும், டைம்அவுட்டுக்குப் பதிலா ஒண்ணு உடனே மறுப்பு வந்திருக்கும், இல்ல ஃபயர்வாலோட அட்மின் பேஜ் திறந்திருக்கும். மூணு வழியில முதலாவதையோ மூணாவதையோ எடுக்குறீங்கன்னா இதை ஒரு தடவை சரிபார்த்துடுங்க, அட்ரஸை வெச்சுப் பொருந்துற மாதிரிதான் இருக்கணும்.

உங்க பப்ளிக் அட்ரஸ் மாறாததுங்கிறதால இன்னொரு சின்னத் திருத்தம். வெளிய போறதுக்கு மாஸ்க்வரேட்டுக்குப் பதிலா எஸ்நேட் போட்டு 203.0.113.10 னு எழுதிடுங்க. மாஸ்க்வரேட் அந்தக் கார்டுல அப்போதைக்கு என்ன அட்ரஸ் இருக்குதோ அதை எடுத்துக்கும், கார்டு ஒரு நொடி இறங்கி ஏறினாலும் அது வழியா போன கனெக்ஷன் குறிப்பு எல்லாத்தையும் அழிச்சிடும், அட்ரஸ் அடிக்கடி மாறுற லைனுக்கு அதுதான் சரி. மாறாத அட்ரஸுக்கு எஸ்நேட் போட்டா லைன் ஒரு தடவை துடிச்சாலும் கனெக்ஷன் பிழைச்சுக்கும். இது அவசரம் இல்ல, நேரம் கிடைச்சா செய்யுங்க.

ஆனா எஸ்நேட்டோட அந்த நினைவாற்றலே ஒரு தடவை எங்களை ராத்திரி முழுக்க உக்கார வெச்சுது. ஒரு இடத்துல பழைய இன்டர்நெட் லைனை எடுத்துட்டுப் புது லைன் போட்டோம், ரூல்ல புது அட்ரஸை எழுதியாச்சு, ரவுட்டிங் மாத்தியாச்சு, பிரவுசர், மெயில் எல்லாம் ஓடுது, ஐபி போன் மட்டும் ஒண்ணு கூட ரிஜிஸ்டர் ஆகல. ரூலை பத்துத் தடவை படிச்சோம், தப்பே இல்ல. கடைசியில வெளிக் கார்டுல டிசிபிடம்ப் போட்டா, போன்ல இருந்து ரிஜிஸ்டர் ஆகுறதுக்காக 5060 போர்ட்டுக்குப் போற பாக்கெட் எல்லாம் பழைய லைனோட அட்ரஸை சோர்ஸா வெச்சுக்கிட்டு புது லைன்ல போய்க்கிட்டு இருக்கு. போன் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே போர்ட்டுல இருந்து அதே சர்வருக்கு ஒரு பாக்கெட் அனுப்பும், யூடிபி குறிப்பு காலாவதியாக அரை நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ சும்மா இருக்கணும், அது சும்மாவே இருக்கல, பழைய குறிப்பு சாகவே இல்ல, புது ரூலை யாரும் கேக்கவே இல்ல. கான்ட்ராக் கட்டளையால அந்த 5060 குறிப்புகளை மட்டும் அழிச்சதும் ஒரு நிமிஷத்துல எல்லா போனும் உயிர் வந்துடுச்சு. அதனால நேட் ரூலை மாத்தினா, பழைய குறிப்பை அழிச்சுட்டு அப்புறம் சோதிங்க. ஒரு பக்கம் பிங்கை ஓட விட்டுக்கிட்டே ரூலை மாத்திப் பார்க்கிறவங்களும் இதே வலையிலதான் விழுறாங்க, அந்த பிங் நிறுத்தாத வரைக்கும் பழைய குறிப்புலயே ஓடும். டிசிபிக்கு இது இன்னும் நீளம், பேசாம திறந்து கிடக்கிற கனெக்ஷனோட குறிப்பை லினக்ஸ் வழக்கமா 432000 வினாடி, அதாவது அஞ்சு நாள் வெச்சிருக்கும்.

இப்ப உங்க கடைசிக் கேள்வி, நேட் இருந்தா ஃபயர்வால் ரூல் வேணுமா. வேணும், இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல. 1994 ல ஆர்எஃப்சி 1631 நேட்டை முன்வெச்சது அட்ரஸ் பத்தாம போகுதேங்கிற கவலையில, பாதுகாப்புக்காக இல்ல. நேட் ரூல் அட்ரஸை மாத்தும், எதையும் தடுக்காது. உங்க ஃபார்வர்ட் பாலிசி எல்லாத்தையும் விடுன்னு இருந்தா, ஈத்0 இருக்கிற அதே வெளி நெட்வொர்க்ல இருக்கிற இன்னொரு மெஷின் 192.168.10.0/24 க்கு வழி 203.0.113.10 னு தன்கிட்ட ஒரு ரூட் போட்டுக்கிட்டா, அது அனுப்புற பாக்கெட் எந்த நேட் ரூல்லயும் மாட்டாம நேரா உள்ள வந்துடும். இன்டர்நெட்டோட வேற மூலையில இருந்து இதைச் செய்ய முடியாது, 192.168 மாதிரி உள் அட்ரஸை நடுவுல இருக்கிற ரவுட்டர் கடத்தாது, ஆனா பக்கத்து வாசல்காரனால முடியும். ஐபிவி6 வந்துட்டா இன்னும் மோசம், அங்க உள் மெஷினுக்கே பப்ளிக் அட்ரஸ் கிடைக்கும், நேட்டே இருக்காது, ஃபில்டர் இல்லன்னா எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். உங்க லைன்ல ஐபிவி6 இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, இருந்தா அதுக்கும் தனியா ஃபார்வர்ட் ரூல் வேணும், ஐபிவி4 க்கு ஐபிடேபிள்ஸ்ல எழுதினது ஐபிவி6 ஐத் தொடாது.

ஃபார்வர்ட் ரூல் எழுதுறது பெரிய வேலை இல்ல. பாலிசியைத் தடுன்னு வெச்சுட்டு, ஏற்கனவே நடக்கிற கனெக்ஷனோடதும் அது சம்பந்தப்பட்டதும் போகலாம், ஈத்1 ல இருந்து ஈத்0 க்குப் புதுசா போறது போகலாம், அதுக்கப்புறம் வெப் சர்வருக்கு வர்றது. இந்தக் கடைசி ஒண்ணுலதான் நிறைய பேர் தடுக்கி விழுவாங்க, 203.0.113.10 க்கு 443 ஐ விடுன்னு எழுதிட்டு ஏன் வரலன்னு முழிப்பாங்க. ஃபார்வர்ட் வாசலுக்கு வர்றதுக்குள்ள டிநேட் முடிஞ்சாச்சு, அங்க பாக்கெட்ல இருக்கிறது 192.168.10.20 தான், அதனால உள் அட்ரஸையும் உள் போர்ட்டையும் எழுதணும். வெளிய 8443 னு வாங்கி உள்ள 443 க்கு அனுப்பினா ஃபில்டர்ல 443. போர்ட் ஃபார்வர்ட் நிறைய இருந்தா, டிநேட் ஆன கனெக்ஷன் எல்லாம் போகலாம்னு கான்ட்ராக் நிலையை வெச்சே ஒரே ரூலா எழுதிடலாம், ரெண்டு இடத்துல திருத்துற வேலை மிச்சம். ஹேர்பின் முறைக்குப் போறீங்கன்னா ஈத்1 ல வந்து ஈத்1 லயே போறதையும் இதுல விடணும், மறந்துடாதீங்க.

அந்த மெஷின்ல டாக்கரோ (கன்டெய்னர் ஓட்டுற மென்பொருள்), ஃபயர்வால்டியோ யுஎஃப்டபிள்யூவோ (ஃபயர்வால் ரூலை நமக்காக எழுதுற கருவிகள்) ஓடுதான்னு நீங்க சொல்லல, ஓடுச்சுன்னா நான் சொன்ன வரிசைக்கு நடுவுல அதுங்க ரூலும் கலந்திருக்கும். டாக்கர் தனக்கு வேண்டிய நேட் ரூலைத் தானே போட்டுக்கும், சில சமயம் ஃபார்வர்ட் பாலிசியையும் தடுன்னு மாத்திடும், அது வெளிய திறந்து விடுற போர்ட் யுஎஃப்டபிள்யூ ரூலைத் தாண்டிக்கிட்டு வரும். முடிஞ்சா ஃபயர்வால் மெஷின்ல டாக்கரே வேண்டாம். முழு ரூல்செட்டையும் ஒரு தடவை பிரிண்ட் பண்ணி மேலேர்ந்து கீழ வரைக்கும் படிங்க, நீங்க எழுதாத வரி இருந்தா யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிச்சுட்டு அப்புறம் கை வைங்க.

கை வைக்கும்போது தூரத்துல இருந்து எஸ்எஸ்எச்ல இருந்தீங்கன்னா உங்களையே வெளிய தள்ளிப் பூட்டிக்காம இருக்க ஒரு ஏற்பாடு வேணும். ஐபிடேபிள்ஸ்னா ஐபிடேபிள்ஸ்-அப்ளைன்னு ஒரு கருவி இருக்கு, புது ரூலைப் போட்டுட்டு சரியான்னு கேக்கும், நீங்க பதில் சொல்லலன்னா பழையதைத் தானா திரும்பப் போட்டுடும். என்எஃப்டேபிள்ஸ்னா ஃபைலை முதல்ல சரிபார்க்க மட்டும் சொல்லி ஓட்டிப் பாருங்க, அப்புறம் மொத்தமா ஏத்துங்க, அது ஏறினா முழுசா ஏறும் இல்லன்னா ஒண்ணுமே ஏறாது, பாதியில நிக்காது. ரூல் வேலை செஞ்சதும் சேமிச்சு வைங்க, ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு கார்டுல வந்த பாக்கெட்டை இன்னொண்ணுல அனுப்புறது) ஆன் பண்ண செட்டிங்கும் கெர்னல் செட்டிங் வைக்கிற சிஸ்சிடிஎல் ஃபைல்ல எழுதியிருக்கான்னு பாருங்க. கட்டளையால மட்டும் ஆன் பண்ணியிருந்தா அடுத்த ரீபூட்ல அது அணைஞ்சிடும், உள்ள ஒருத்தருக்கும் இன்டர்நெட் இருக்காது.

முதல்ல ஈத்0 வைத் திரும்பப் போட்டு, ஹேர்பின் ரூலைச் சேர்த்து, வெப் சர்வருக்கான பழைய குறிப்புகளை அழிச்சுட்டு, உள்ள இருந்தும் மொபைல்ல இருந்தும் தலா ஒரு தடவை திறந்து பாருங்க. லாக்ல மொபைலுக்கு வெளி அட்ரஸும் உள் மெஷினுக்கு 192.168.10.1 ம் வந்தா சரியா ஏறிடுச்சு. வரலன்னா நேட் டேபிள் முழுசா, ஃபார்வர்ட் ரூல் முழுசா, திறக்காதப்போ அந்த 443 க்கான கான்ட்ராக் வரி ஒண்ணு, இந்த மூணையும் இங்க போடுங்க, பப்ளிக் அட்ரஸை மறைச்சுட்டுப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.